அழித்து எழுதிக் காட்டியவர்

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் நான். டயரைப் பார்த்தால் இன்னும் எத்தனை நடை ஓடும் என்று சொல்லிவிடுவேன். டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். அந்தத் திமிரில்தான் என் மனைவிக்கு வீடியோ தேர்ந்தெடுத்துத் தரும் வேலையையும் ஏற்றுக்கொண்டேன்.

அவள் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி முறை. கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் காலை வாரிவிட்டது ‘பஸில்’ என்கிற புதிர்க் கேள்விதான். வட்ட மேசையில் எட்டுப் பேர், யாருக்குப் பக்கத்தில் யார் என்று ஏழெட்டுக் குறிப்புகளைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அது. மகள் பால்வாடியில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்குப் படிக்கக் கிடைக்கும். அதிலும் மாடு கத்தினால் எழுந்து போக வேண்டும்.

"உங்களுக்கு ஆபீஸ்ல சும்மா இருக்கற நேரம் இருக்குதல்லங்க. எந்த வீடியோ நல்லா இருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு வாரம் பார்த்தேன். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கோட் போட்டவர். முப்பது விநாடியில் ஒரு பஸிலை முடித்துக் காட்டுகிறேன் என்பார். பார்த்தவர்கள் எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தது. முதல் ஆளை ஓரிடத்தில் உட்கார வைப்பார், மற்ற ஏழு பேரும் மளமளவென்று வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொருவர் ஒரு அம்மா. பின்னால் குக்கர் விசில் கேட்கும். ஒரே பஸிலுக்கு இரண்டு வட்டம் போட்டு, இப்படியும் இருக்கலாம் அப்படியும் இருக்கலாம் என்று ஆரம்பிப்பார். ஒரு வட்டம் பாதியில் முட்டிக்கொள்ளும். எந்தக் குறிப்பால் முட்டியது என்று சொல்லிவிட்டு அதை அழிப்பார்.

இரண்டையும் காட்டினேன். அவளுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

"ஏன் அழிக்கறாங்கன்னும் சொல்றாங்கல்லங்க. எனக்கு அதுதான் புரியுது."

நான் சிரித்தேன். "அந்தம்மாவுக்கே தெரியாமத்தான் அழிச்சு அழிச்சு எழுதுது. உனக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போகுது, அம்மணி? இருக்கறதே ரெண்டு மணி நேரம்."

அவள் அந்த அம்மாவை விட்டுவிட்டாள். கோட்டுக்காரரை வரிசையாகப் பார்த்து ஒரு நோட்டு முழுக்க எழுதினாள்.

சேலத்தில் தேர்வு. முடித்து வெளியே வந்தவள் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். மகுடஞ்சாவடியில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் சொன்னாள்.

"மொத ஆள வெச்சனுங்க. ஏழாவது குறிப்பு ஒத்து வரல. எங்க வரைக்கும் திரும்பிப் போறதுன்னு தெரியலீங்க. அதுலயே நேரம் போயிருச்சு."

முடிவு வந்தது. கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள், லோடு ஏதும் வராத மதியத்தில், அந்த அம்மாவின் வீடியோ ஒன்றை முழுசாகப் பார்த்தேன். பில் தாளின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டு, அவர் சொன்னபடி ஒன்றை அழித்து, நானே ஒரு பஸிலை முடித்தேன். அதுவரை ஒரு பஸிலும் போட்டுப் பழகாதவன் நான். அப்புறம் கோட்டுக்காரரைத் திரும்பப் பார்த்தேன். அந்த மனிதர் ஒரு தடவைகூடத் தப்புச் செய்து காட்டவில்லை. வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, முட்டாத வழியை மட்டும் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் போதுமாக இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி, அம்மணி. அந்தம்மாதான் நல்லாச் சொல்லித் தருது."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றாள். "நீங்க சிரிச்சீங்களா, செரி, நமக்குத்தான் புத்தி பத்தலயாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். மகளின் பாவாடையை மடித்து வைத்துவிட்டு என் சட்டையை எடுத்தாள்.