கிரீஸ் பூசிய பப்பாளி மரம்

மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நான் எறும்புகளோடு ஒரு யுத்தம் நடத்தி ஜெயித்திருக்கிறேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மாரண்டஹள்ளி பக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் பச்சையாக நிற்கிற மல்பெரித் தோட்டங்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எங்களுடையது பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். தோட்டத்தில் மல்பெரி, அதை ஒட்டி ஒரு ஷெட், ஷெட்டுக்குள் அடுக்கடுக்காகப் புழுக்கள். தழையை வெட்டிக்கொண்டு வந்து போட்டால் தின்னும், தூங்கும், எழுந்து மறுபடி தின்னும். வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அந்தப் புழுக்களுக்குக் கிடைத்தது. கால் கழுவாமல் ஷெட்டுக்குள் போனால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். குழம்பு தாளிக்கும்போதுகூட நெடி அந்தப் பக்கம் போகாமல் கதவைச் சாத்திக்கொள்வாள்.

புழுக்களுக்குப் பெரிய எதிரி எறும்பு. அதனால் தட்டுகள் அடுக்கியிருக்கிற ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் ஒரு சிமெண்டுக் கிண்ணத்துக்குள் இறக்கி, கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். எறும்பு வரும், தண்ணீரைப் பார்க்கும், வந்த வழியே திரும்பும். அந்தக் கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. ஒரு கிண்ணம் காய்ந்தாலும் போச்சு, சாரை சாரையாக ஏறிவிடும். என் காலத்தில் எந்தக் கிண்ணமும் காய்ந்ததில்லை. எறும்பு விஷயத்தில் ஊரிலேயே எனக்கு மேல் ஆள் கிடையாது என்ற எண்ணம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

ஷெட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பப்பாளி மரம் இருந்தது. நான் துப்பிய விதையில் முளைத்தது. ஆகவே அது என் மரம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பழம் பழுக்கும்போது மட்டும் அது எல்லோருடைய மரமாகிவிடும்.

அந்த வருஷம் அதன் இலைகளுக்கு அடியில் யாரோ கோலமாவைத் தூவியது போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டது. தொட்டால் பிசுபிசுத்தது. நாங்கள் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அதே வெள்ளை மல்பெரிக் கொழுந்துகளிலும் ஏறியது. கொழுந்து சுருண்டு, தண்டு முண்டு முண்டாகி, இலையெல்லாம் கரி பிடித்துப்போயிற்று. மாவுப்பூச்சி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வேறு பயிராக இருந்தால் மருந்தடிக்கலாம். எங்கள் தழையில் மருந்தடித்தால் முதலில் சாவது எங்கள் புழுதான். அம்மா சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு செடியாகக் குளிப்பாட்டினாள். குளித்த செடிகள் மறுவாரமே மறுபடி வெள்ளை பூசிக்கொண்டு நின்றன. அப்பா அந்த முறை பட்டுப்புழு முட்டை வாங்கவில்லை. ஷெட் காலியாகக் கிடந்தது. என் கிண்ணங்கள் முதல் தடவையாகக் காய்ந்தன.

பக்கத்து நிலம் அப்பாவின் அண்ணனுடையது. பெரியப்பா யோசிக்கிற ஆள் இல்லை. டிராக்டரை விட்டு மல்பெரியை வேரோடு பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார். அப்பாவையும் சும்மா விடவில்லை.

“டேய், இது இனிமே ஆவறதில்ல. புடுங்கிப் போட்டுட்டுப் பெங்களூரு கெளம்பு. சென்ட்ரிங் வேலைக்கு ஆளு கேட்டுக்கினே இருக்கறாங்க.”

“ஆடி போவட்டும்ணா, பாக்கலாம்” என்றார் அப்பா.

பெங்களூரு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அப்பா அங்கேதான் இருந்தார். மாரியம்மன் பண்டிகைக்குத்தான் ஊருக்கு வருவார். வந்த அன்றைக்கு அவள் அவரிடம் போகாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மல்பெரி நின்றால் அப்பா நிற்பார், மல்பெரி போனால் அப்பாவும் போவார். அந்த வயதில் நான் அதற்குப் பயந்தது போல வேறு எதற்கும் பயந்ததில்லை.

எல்லாப் பழியும் பப்பாளி மேல் விழுந்தது. அங்கிருந்துதான் பூச்சி பரவுகிறது என்று ஊரில் இருந்த பப்பாளிகளையெல்லாம் சாய்த்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை அப்பாவும் கொடுவாளோடு வந்தார். நான் மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். மரத்தைக் காப்பாற்றியது என் அழுகை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் காப்பாற்றியது ஒரு ஸ்கூட்டி. புழு வளர்க்கிறவர்களுக்கு யோசனை சொல்ல வருகிற பட்டு ஆபீஸ் மேடம் அதிலிருந்து இறங்கும்போதே சத்தம் போட்டார்.

“அண்ணா, வெட்டாதீங்க! அந்த மரம் எனக்கு வேணும்.”

அவர் கையில் வலைத்துணி கட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் குளவி இருப்பதாகச் சொன்னதும் நான் மரத்தை விட்டுவிட்டு அப்பாவின் பின்னால் போய்விட்டேன். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்குமாம். முட்டையிலிருந்து வருகிற குஞ்சு பூச்சியை உள்ளேயே தின்று தீர்த்துவிட்டுத் துளை போட்டு வெளியே வருமாம். டப்பாவைத் திறந்தார். கடுகில் பாதிகூட இல்லாத புள்ளிகள் சில ஊர்ந்து வந்து பப்பாளி இலையில் உட்கார்ந்தன.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “ஏங்க மேடம், இதுவாங்க குளவி? இதுக்குக் கொசுவே வாட்டசாட்டமா இருக்குதே.”

“பெருகுனா தெரியும்ங்கண்ணா. பெருகறதுக்கு மாவுப்பூச்சி நெறைய இருக்கற எடம் வேணும், அதான் இந்த மரம். மருந்து மட்டும் அடிச்சிராதீங்க.”

இன்னும் சில தோட்டங்களிலும் டப்பாவைத் திறந்துவிட்டு மேடம் போய்விட்டார். பூச்சிக்குப் பூச்சியை விடுகிற வைத்தியத்தைப் பற்றிப் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இருப்பதும் போவதும் அந்தக் கடுகுகளின் கையில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் மரத்தடிக்குப் போய், எட்டுகிற இலையை இழுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் எறும்புகளைக் கவனித்தேன். கறுப்பு எறும்புகள் மரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. மாவுப்பூச்சிகளுக்கு நடுவே ரொம்ப உரிமையோடு நடமாடின. ஒரு குளவி வந்து உட்கார்ந்தால் போதும், ஒரு எறும்பு ஓடிவந்து விரட்டியடிக்கும். எனக்கு ரத்தம் கொதித்தது. எறும்புக்கும் குளவிக்கும் என்ன பகை என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. புழுவைத் தின்கிற எறும்பு, குளவியையும் தின்ன வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: மரத்தின் காலையும் தண்ணீரில் நிறுத்துவது.

மரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டிக் குடம் குடமாக ஊற்றினேன். மண் குடித்துக்கொண்டே இருந்தது, நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

“பாப்பா, பப்பாளிக்கு அடியில தண்ணி நின்னா அழுவிப் போயிரும். வெட்ட வேணாம்னு அழுதுட்டு நீயே சாவடிக்கப் பாக்கறியா?”

தண்ணீர் போச்சு. மோட்டார் ரூமில் கிரீஸ் டப்பா இருந்தது. அப்பாவின் பழைய லுங்கியைக் கிழித்து, கிரீஸை அப்பி, மரத்தின் இடுப்பில் சுற்றிக் கட்டினேன். ஏறி வந்த எறும்புகள் துணிக்குக் கீழே அப்படியே நின்றன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றின் மேல் ஏறிப் பார்த்தன. பிறகு திரும்பிப் போயின. அன்றைக்கு நான் இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

சும்மா சொல்லக்கூடாது, எறும்புகளும் லேசுப்பட்டவை இல்லை. நாலைந்து நாளில் மண்துகளைக் கொண்டுவந்து கிரீஸ் மேல் ஒட்டி ஒட்டி, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, அதாவது ஒரு எறும்பு நடக்கிற அகலத்துக்கு, ரோடு போட்டுவிட்டன. மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக அப்பினேன். அடுத்து, மேலே இருந்து வந்தன. ஒரு இலைக்காம்பு ஷெட்டின் கூரைத் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, அந்த வழியாக. துரட்டியால் காம்பை இழுத்து முறித்தேன். அதற்கப்புறமும் எறும்பு குறையவில்லை. தேடித் தேடிப் பார்த்ததில், அம்மாவின் அவரைக்கொடி பப்பாளிக்குக் கை நீட்டிப் பாலம் போட்டுக் கொடுத்திருந்தது.

அம்மாவிடம் போய்க் கொடியை அறுக்கலாமா என்று கேட்டேன். “அவரைல கைய வெச்சுப் பாரு, ஒடச்சு அடுப்புல வெச்சிடறேன்” என்றாள். பூவும் பிஞ்சுமாக இருந்த கொடி, அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொடி அறுபடாமல் பந்தலின் அந்தப் பக்கமாகத் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. நான் சுரண்டித் தீர்த்திருந்த கிரீஸ் டப்பாவின் பக்கத்தில் ஒரு புது டப்பாவும் இருந்தது. குளவியைப் பார்த்துக் கொசு என்று சொன்ன அப்பாவுக்கு என்னைவிட அதிகமாக அந்தக் குளவி தேவைப்பட்டது என்று நான் அப்போது நினைக்கவில்லை. கொடியை அம்மா கட்டியிருப்பாள், டப்பாவை எலி நகர்த்திக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தேன்.

மெல்ல மெல்ல என் மரத்தில் மாவுப்பூச்சிகள் நிறம் மாறின. வெள்ளை போய்ப் பழுப்பாகி, உப்பிக் காய்ந்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி குத்தியது போல ஒரு துளை. அந்தத் துளை வழியாக ஒரு குளவி வெளியே வருவதை ஒரு சாயங்காலம் என் கண்ணால் பார்த்தேன். உச்சியில் சுத்தமான ஒரு புது இலை விரிந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா பாம்போ என்று தடியோடு ஓடி வந்தாள்.

மேடம் மறுபடி வந்தபோது மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “மத்த தோட்டத்துல எல்லாம் குளவி இப்பத்தான் பெருக ஆரம்பிச்சிருக்குதுங்கண்ணா. இங்க மட்டும் எப்பிடி இவ்ளோ?” என்றவர் கண்ணில் லுங்கித் துணி பட்டது. அப்பா என்னைக் காட்டினார்.

“என்னாத்துக்குக் கண்ணு இது?”

“எறும்பு குளவியத் தின்னுதுங்க. அதான்.”

மேடம் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினார். “தின்னல கண்ணு, தொரத்துது. எறும்பு இந்த மாவுப்பூச்சிய வளக்குது. நம்ம வூட்ல மாடு வளக்கற மாதிரி. பூச்சி வுடற இனிப்புத் தண்ணிதான் அதுக்குப் பாலு. மாட்டுக்குக் கெடுதல் பண்ண வந்தா சும்மா வுடுமா? காவல் காக்கும். நீ காவலைத் தொரத்திட்ட, குளவிக்கு வழி கெடச்சிருச்சு.”

சொன்னது எனக்கு முழுதாக ஏறவில்லை. ஜெயித்துவிட்டேன் என்பது மட்டும் ஏறியது.

அதற்குப் பிறகுதான் என் மரத்துக்கு வந்தது வாழ்வு. இன்னும் துளை விழாத, உள்ளே குளவி இருக்கிற பழுப்புப் பூச்சிகள் இருக்கிற இலைகளாகப் பார்த்து அப்பா வெட்டி, மல்பெரி வரிசைகளில் தொங்கவிட்டார். மேடம் ஒரு பை நிறையக் கொண்டுபோனார். வெட்டு வெட்டு என்று சொன்னவர்களெல்லாம் இலை கேட்டு எங்கள் வாசலில் நின்றார்கள். கடைசியாகப் பெரியப்பா வந்தார். மாவுப்பூச்சி அவருடைய மரவள்ளியையும் விடவில்லை.

“பாப்பா, பெரியப்பாவுக்கு ரெண்டு எல குடு கண்ணு.”

“கால் கழுவிட்டு வாங்க பெரியப்பா” என்றேன்.

பட்டு ஷெட்டுக்குத்தான் கால் கழுவ வேண்டும், பப்பாளி மரத்துக்கு எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தொட்டியடிக்குப் போய் இரண்டு காலையும் கழுவிக்கொண்டு வந்து நின்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆடி போயிற்று. அப்பா போகவில்லை. மல்பெரி கொழுந்து விட்டு, தழை கை அகலத்துக்கு விரிந்தது. முட்டை வந்தது, புழு வந்தது, என் கிண்ணங்கள் நிறைந்தன. வெள்ளை வெளேரென்று கூடு கட்டியதும் தர்மபுரி மார்க்கெட்டுக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தெரிந்தவர்களிடமெல்லாம், “எங்க வூட்டு எறும்பு இன்ஸ்பெக்டர்ங்க” என்று என்னைக் காட்டினார். கூட்டம் என் தலைக்கு மேல் சிரித்தது. அந்தக் கூட்டத்தில் என்னைவிட உயரமான ஆள் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அன்று திரும்பி வந்ததும் மரத்தைப் பார்க்கப் போனேன். லுங்கித் துணி கட்டியபடி இருந்தது. அதற்குக் கீழே ஏற ஒரு எறும்புகூட இல்லை. வேருக்குப் பக்கத்தில் அவை தோண்டிப்போட்ட மண் மட்டும் சின்ன வட்டமாகக் குவிந்து, நடுவில் ஒரு ஓட்டை. குச்சியை விட்டுக் குடைந்து பார்த்தேன். யாரும் வெளியே வரவில்லை. நான் கைகொட்டிச் சிரித்தேன்.

மேடம் சொன்னதன் அர்த்தம் எனக்கு ஏறியது ரொம்ப வருஷம் கழித்துத்தான். அந்த மரத்தைச் சுற்றிப் பூச்சி வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் இரண்டு இருந்தன, எங்களுடையது ஒன்று, எறும்புகளுடையது ஒன்று. எங்கள் பூச்சிக்குத் தழை இல்லாமல் போன வருஷம் அவர்களுக்குப் பால் பெருகியது, அவர்களுக்குப் பால் வற்றியபோது எங்களுக்குத் தழை வந்தது. இரண்டில் ஒன்று ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்று இருந்தது. அது நாங்களாக இல்லாமல் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது, அப்பா வீட்டில் இருந்தார். ஆனால் மூடாத அந்த ஓட்டைக்கு முன்னால் குச்சியோடு உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் எந்தப் பெங்களூருக்குப் போனார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.