எதிர் வரிசைக்கு ஒரு வாய்

சர்க்கார் தரும் ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பம் போடும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நான் படித்தது எல்.எம்.பி. என்ற சின்ன டாக்டர் படிப்பு. திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எழுதுவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும்தான் என் வேலை. போஷாக்கு விஷயத்தில் எனக்கு இருந்த ஒரே அனுபவம் என் தொந்தி.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி வருவது நின்றுபோய், கூலிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் தலைமயிர் செம்பட்டையாகி, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தன. ஆஸ்பத்திரியின் அரிசிக் கஞ்சியில் அவற்றைத் தேற்ற முடியவில்லை. வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பொடித்துக் கேப்பைக் கூழில் கலந்து கொடுத்தால் பிள்ளை தேறுகிறது என்பதை முதலில் கவனித்தது எங்கள் நர்ஸம்மா. விண்ணப்பத்தில் 'நான் கவனித்தேன்' என்று எழுதிக்கொண்டேன். ஆராய்ச்சியாளனுக்கு வேண்டிய முதல் லட்சணம் அப்படித்தான் எனக்கு வந்தது.

மல்லாட்டையை மண்டிக்காரர் ஒருவர் தர்மமாக அனுப்பியிருந்தார். சில மூட்டைகள்தான். மானியம் கிடைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. கிடைக்காவிட்டால், கடைசி மூட்டை தீர்ந்த மறுநாள் பழையபடி அரிசிக் கஞ்சிதான். விஷயம் அவ்வளவுதான்.

விழுப்புரத்துக்கு ரயிலேறிப் போய், ஸ்டேஷன் பக்கத்து டைப் அடிக்கும் கடையில் விண்ணப்பத்தை அடித்துக்கொண்டு, மேல் அதிகாரியான பெரிய டாக்டரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"குடுத்தேன், தேறிச்சுன்னு எழுதியிருக்கீர். குடுக்காத புள்ளைங்க என்ன ஆச்சு?"

"குடுக்காம யாரையும் விடலைங்க, சார்."

"அப்ப இது ஆராய்ச்சி இல்லையே. அன்னதானம். அன்னதானத்துக்கெல்லாம் சர்க்காரில மானியம் தரமாட்டான்." தாள்களை என் பக்கம் தள்ளினார். "பாதிப் பேருக்கு உம்ம கூழு, பாதிப் பேருக்கு வழக்கமான கஞ்சி. வாராவாரம் எடை நிறுத்து, தாள்ல ரெண்டு வரிசைக்கும் ரெண்டு கோடு போட்டுக்கினு வாரும். கோடு ரெண்டும் பிரிஞ்சிருந்தா கையெழுத்துப் போடறேன்."

திரும்பி வந்து பன்னிரண்டு பிள்ளைகளைப் பிரித்தேன். ஜன்னலோரம் ஆறு கட்டில், அவற்றுக்குக் கூழ். எதிரே சுவரோரம் ஆறு, அவற்றுக்குக் கஞ்சி. சுவரோரத்தில் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வந்த மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தாய்க்கு நடவு வேலை. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்து கட்டிலுக்கடியிலேயே படுத்துக் கிடந்தாள்.

ஐந்து வாரம் எடை நிறுத்தேன். இரண்டு கோடுகளும் கல்யாண ஊர்வலம் மாதிரி கைகோத்துக்கொண்டு மேலே போயின. தராசுதான் பொய் சொல்கிறதோ என்று நானே ஏறி நின்று பார்த்தேன். என் விஷயத்தில் அது கொஞ்சமும் தாட்சண்யம் பார்க்கவில்லை.

கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் கூழ் ஊற்றும் நேரத்தில் வார்டுக்குள் போனேன். ஜன்னலோரத்துத் தாய்மார்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே எதிர் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, அப்புறம்தான் தங்கள் பிள்ளையிடம் வந்தார்கள்.

"ஏம்மா, என்ன பண்றே?" என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"எதிர்த்தாப்புல புள்ள வாயப் பாத்துக்கினு இருக்குதே, அய்யா. அதுக்கு ஒரு வாய் குடுக்காம தின்னா எம்புள்ளைக்கு வவுத்த வலிக்காதா?"

"ஒரு வாய்தான் குடுக்கிறியா?"

"ஒரு வாயில எங்க அடங்குது. பாதி போயிடுது."

பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பார்த்தாள். "நீங்க துன்னும்போது யாராச்சும் பாத்துக்கினு இருந்தா என்னாய்யா பண்ணுவீங்க?"

"கதவைச் சாத்திக்குவேன்."

"அதான் அய்யாவுக்கு வவுறு அப்பிடிக் கீது" என்றது கோடியிலிருந்து ஒரு குரல். வார்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்து, சுவரோரத்து ஆறு கட்டில்களையும் பின் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னேன். நர்ஸம்மா, "உங்க இஷ்டம், டாக்டர்" என்றார். முதல் கட்டிலை அவரே தள்ளிக்கொண்டு போனார். பார்வை படாத இடத்தில் பங்கும் போகவில்லை. முதல் வாரம் ஒலக்கூர்ப் பெண்ணின் எடை ஏறவில்லை. இரண்டாம் வாரம் இறங்கியது. மற்ற ஐந்தும் அப்படியே. தாளை எடுத்துக் கோடு இழுத்தேன். இரண்டும் அழகாகப் பிரிந்து நின்றன.

"பேஷ்" என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

அந்தப் பெண்ணைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டிருந்த தாய் திரும்பினாள். பல நாளாக அவள் முகத்தில் காணாத ஒரு தெளிவு.

"புள்ள நல்லாக் கீதா, அய்யா?"

அவள் தோளில் பிள்ளையின் தலை நிற்காமல் சாய்ந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் ஆறு கட்டில்களையும் வார்டுக்குள் கொண்டுவந்து போடச் சொன்னேன். எல்லாருக்கும் கூழ் ஊற்றச் சொன்னேன்.

பிரிந்த கோடு போட்ட அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினேன். 'இரு வரிசைகளையும் தனித்தனியே வைக்க முடியவில்லை. ஒரு பிள்ளை பார்த்திருக்க மற்றொரு பிள்ளைக்கு ஊட்டுவதற்கு இவ்வூர்த் தாய்மார்கள் சம்மதிப்பதில்லை. தனியே வைத்தால் உணவு பெறாத பிள்ளைகள் நலிகின்றன.' பெரிய டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் படிச்சு உம்மை மட்டும் சிரிக்கமாட்டான், என்னையும் சேத்துத்தான் சிரிப்பான்" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

பதில் ஒரே வரியில் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க முடிவுகள் இல்லாததால் மானியம் தர இயலவில்லை என்று வருந்துகிறார்களாம்.

கடைசி மூட்டை தீர்வதற்கு முன்னால் ஒலக்கூர்ப் பெண் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாய் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மூட்டை தீர்ந்தபோது வார்டில் நான்கு பிள்ளைகள் இருந்தன. நாளையிலிருந்து கஞ்சிதான் என்று தாய்மார்களிடம் நானே போய்ச் சொன்னேன்.

"நாங்க பங்கு குடுத்ததால தீந்துபோச்சாய்யா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"இல்லம்மா" என்றேன்.

அந்த நான்கில் இரண்டு பிழைக்கவில்லை. அந்தத் தாளை அனுப்பியிருந்தால் மானியம் வந்திருக்கும், இரண்டும் ஒருவேளை பிழைத்திருக்கும். ஆனால் அனுப்புகிற அளவுக்கு அது முழுசாக வேண்டுமென்றால் இன்னும் சில வாரம் அந்த ஆறு பிள்ளைகளும் தாழ்வாரத்திலேயே கிடந்திருக்க வேண்டும். இதை நர்ஸம்மாவிடம் ஒரு நாள் சொன்னேன். அவர் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்படியெல்லாம் நிறுத்துப் பாக்காதீங்க, டாக்டர்" என்றார். இன்னும் நிறுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.