ஒன்பதாம் இலக்க வீட்டுப் பிள்ளைகள்

அந்தத் திங்கட்கிழமை இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சின்யோரா. யன்னலோரக் கதிரையில், காலில் கம்பளி போட்டபடி. வயது தொண்ணூற்றொன்று. கண் மங்கல். காது சரி. வாய் அதைவிடச் சரி.

அவவின் மகன், அவ்வொக்காத்தோ. வழக்குப் பேசுகிறவர். நின்றபடி. தாய் வீட்டில் அவர் கதிரையில் குந்தி நான் கண்டதில்லை.

ரப்லெட் திரைக்குள் ஓர் இங்கிலீசுப் பெண். யோர்க்‌ஷயரில் இருந்து கதைத்தா. எழுபது இருக்கும். கண்ணாடி மூக்கு நுனியில்.

நான். ரப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன். பத்தொன்பது வருடமாக லிபெர்த்தா தெருவில் அந்த வீட்டில் சமைக்கிறேன், கழுவுகிறேன், சின்யோராவைக் கை பிடித்து நடத்துகிறேன்.

வேறு ஒருவரும் இல்லை. நாங்கள் யாரைப் பற்றிக் கதைத்தோமோ அவர்கள் எல்லாம் எப்போதோ செத்துப்போனவர்கள்.

சின்யோரா பிறந்தது பலெர்மோவில். அவவின் தாய் யோர்க்‌ஷயரில் ஒரு கம்பளி ஆலைக் கிராமத்தில் வளர்ந்தவ. ஆலைக்குப் பக்கத்தில் ஒட்டி ஒட்டி ஒரு வரிசை வீடு. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. அதில் ஒன்பதாம் இலக்கம். பன்னிரண்டு வயதில் ஆலைக்குப் போனா. அரை நாள் வேலை, அரை நாள் பள்ளிக்கூடம். நூல் நிறைந்த கட்டையைக் கழற்றிவிட்டு வெறுங்கட்டை மாட்டுகிற வேலை. பத்தொன்பது வயதில் ஓர் இங்கிலீசுக் குடும்பத்துக்குப் பிள்ளை பார்க்க இங்கே வந்தா. வந்த இடத்தில் மீன் ஏலம் கூறுகிறவர் ஒருவரைக் கட்டிக்கொண்டா.

மகன் வெளியில் சொல்வது வேறு. தன் அம்மம்மா இங்கிலீசு ரீச்சர் என்பார்.

ஆலைக்குள் யந்திரச் சத்தத்தில் குரல் கேட்காதாம். பெண்கள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கதைப்பார்களாம். தாய் பலெர்மோவுக்கு வந்தும் அதை விடவில்லை. சின்யோரா தாயிடம் பழகினா. நான் சின்யோராவிடம் பழகினேன். மகன் பக்கத்தில் போனில் கத்திக்கொண்டு நிற்க, அவ உதட்டால் கோப்பி என்பா. நான் போடுவேன்.

அந்த ஆலை இப்போது மாடி வீடுகளாம். வரிசை வீடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. இங்கிலீசுப் பெண் முந்தி தபால் கந்தோரில் இருந்தவ. இளைப்பாறிய பிறகு இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து, எந்த வீட்டில் எந்தக் குடும்பம் இருந்தது என்று தேடினா. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு கற்பலகை பதிக்கப் போகிறார்களாம். அந்த வீட்டில் இருந்த ஆலைக் குடும்பத்தின் பெயர்கள் அதில் இருக்கும். அதற்காக வீட்டுக்கு ஒரு படிவம். சந்ததியில் ஒருவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்பதாம் இலக்கத்தைப் பற்றிச் சொல்ல எஞ்சியது சின்யோரா ஒருத்திதான். படிவம் தபாலில் வந்தது.

“எனக்குக் கண் தெரியாது. நீ எழுது.”

“என்ரை இங்கிலீசு எட்டாம் வகுப்போடை நிண்டது, சின்யோரா.”

“என்ரை அம்மா அதுக்கு முதலே நிண்டவ. எழுது.”

எழுதினேன். மூன்று பின்னேரம் எடுத்தது. அவ சொல்லச் சொல்ல நான் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினேன். வீட்டுக்காரர், கம்பளி சீவுகிறவர். பெண்சாதி. அவர்களுக்கு ஆறு பிள்ளைகள். பெண்சாதியின் தங்கச்சி புருசனும் இல்லாமல் செத்துப்போனா. அவவின் ஐந்து பிள்ளைகளும் இந்த வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஐந்தில் மூன்றாவது, சின்யோராவின் தாய். வரும்போது மூன்று வயது.

படிவத்தில் மூன்றாவது பெட்டி, குடும்பத் தலைவருக்கு என்ன முறை என்று கேட்டது. நான் பதினொரு பேருக்கும் மகன், மகள் என்று போட்டேன்.

கவனமில்லாமல் போட்டதில்லை. யோசித்துத்தான் போட்டேன். பெண்சாதியின் தங்கச்சி பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா. பெரியப்பாவுக்கு அவர்கள் பிள்ளைகள். வேறு என்ன முறை இருக்கிறது? ‘நெவ்யூ’ என்று நான் படித்தது மருமகனை. ஒருவனுடைய கூடப்பிறந்தவள் பெற்ற பிள்ளையை. பெரியப்பா வீட்டில் வளர்ந்த பிள்ளையை மருமகன் என்று எழுதக் கை வராது.

ஒரு மாதத்தால் இங்கிலீசுப் பெண்ணின் பதில் வந்தது. சனிக்கிழமை மகன் வந்து நின்றபடி வாசித்தார். கோயில் ஞானஸ்நானப் பதிவில் அந்தத் தாய்க்கு ஆறு பிள்ளைதான் இருக்கிறதாம். படிவத்தில் பதினொன்று. அதிலும் இரண்டு பொடியன்களுக்கு இடையில் நாலு மாதம். ஒரு தாய் நாலு மாத இடைவெளியில் இரண்டு தரம் பிள்ளை பெற ஏலாது, தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தா.

மகனுக்குச் சிரிப்பு வந்தது.

“உந்த மனிசியை முயலாக்கிப் போட்டாய்.”

நாலு மாதக் கணக்கை நான் பார்க்கவில்லை என்பது உண்மை.

பிறகு அவர் சிரிப்பை விட்டார். கடிதத்தின் அடியில் விதி இருந்தது. பலகையில் தாய், தகப்பன், அவர்கள் பெற்ற பிள்ளைகள் மட்டும். மற்றவர்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், தங்கியிருந்தவர்கள் என்ற தலைப்பில்.

“அப்ப அந்த அஞ்சு பேரும் கடைசிப் பக்கத்துக்கு” என்றார். “திருத்தி எழுது.”

“என்ரை அம்மா தங்கியிருந்தவவோ?” என்று சின்யோரா கேட்டா.

“பதிவுப்படி ஓம், மம்மா.”

“மூண்டு வயசிலை வந்து பத்தொன்பது வயசிலை வெளிக்கிட்டவ. ஆலையிலை வாங்கின சம்பளத்தை அந்த மேசையிலை வைச்சவ. தங்கினவ?”

“ஒரு கல்லு, மம்மா. மழை பெய்யிற ஊரிலை ஒரு கல்லு. ஆர் பாக்கப் போகினம்?”

“நான்.”

“உங்களுக்குக் கண் தெரியாதே.”

மகன் பேனையை என் பக்கம் தள்ளினார். அவருக்குப் பின்னால் சின்யோராவின் உதடு அசைந்தது. எழுதாதை.

அவ சொல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

“நான் எழுதமாட்டன், அவ்வொக்காத்தோ.”

“என்ன?”

“எழுதமாட்டன்.”

“இதிலை நீ ஆர்?”

“எழுதினவன்.”

“பிழையா எழுதினவன்.”

“இங்கிலீசுக்குப் பிழையாயிருக்கும். எனக்குப் பிழையில்லை.”

அவர் முகம் சிவந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் அவரோடு கதைத்தது எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

“திங்கள் வராதை” என்றார்.

வியா மக்வேதாத் தெருவால் நடந்து, எங்கள் வீடு இருக்கிற கபோவுக்கு வந்தேன். மனிசி குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றா. சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டா.

“இஞ்சாருங்கோ, வெள்ளைக்காரற்றை பரம்பரையிலை உங்களுக்கு என்ன வேலை?”

“எழுதச் சொன்னவ. எழுதினன்.”

“பேந்து அழிக்கச் சொன்னவர். அழிச்சிருக்கலாமே. இஞ்சை இருக்கிற பெர்மெஸோ புதுக்க இன்னும் ரெண்டு மாசம். வேலைக் கொந்ராத்து இல்லாமல் கொஸ்தூராப் பொலிசுக்கு எதைக் கொண்டு போறது? யோர்க்‌ஷயரிலை ஒரு கல்லிருக்கு, போய்ப் பாருங்கோ எண்டு சொல்லுறதோ?”

“கொந்ராத்து சின்யோராவின்ரை பேரிலை.”

“சின்யோராவுக்கு வயசு தொண்ணூறு.”

“தொண்ணூற்றொண்டு.”

“ஓ, அதை மட்டும் சரியா எண்ணுங்கோ.”

சட்டியில் புளியைக் கரைத்தா. பிறகு என்னைப் பார்க்காமல், “அண்ணையின்ரை விசயமோ?” என்று கேட்டா.

நான் தலையாட்டினேன்.

என்னைப் பெற்றவ நான் கைக்குழந்தையாக இருக்கும்போது போய்விட்டா. பெரியம்மா வளர்த்தா. பெரியம்மாவின் மகன் எனக்கு அண்ணா. என்னை இந்த ஊருக்கு எடுத்ததும் அவர்தான். இங்கேதான் செத்தார். மரணக் கடுதாசி எடுக்கப் போன இடத்தில், யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள், செத்தவர் உனக்கு யார் என்று கேட்டாள். அண்ணா என்றேன். இரண்டு பேருடைய பத்திரத்தையும் பார்த்தாள். தாய் வேறு, தகப்பன் வேறு. மச்சான் முறைக்கு இங்கே என்ன சொல்வார்களோ, அதை எழுதினாள். கெட்டவள் இல்லை. வெயில், நீளமான வரிசை, எனக்குப் பின்னால் முப்பது பேர். இஞ்சை போடு என்றாள். போட்டேன். அண்ணாவை என் கையெழுத்தாலேயே மச்சான் ஆக்கினேன்.

ஒரு தரம் செய்தது போதும்.

“திங்கள் போகத்தான் போறியள்” என்றா மனிசி.

“ஓம். இல்லாட்டி அவவுக்குக் காலமைக் கோப்பி ஆர் குடுக்கிறது?”

“மகன் குடுப்பார்.”

“அவர் போட்டா அவ குடிக்கமாட்டா.”

“அப்ப அந்த நீலச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ. சண்டைக்குப் போறதெண்டாலும் ஒரு இதாப் போங்கோ.”

திங்கள் நீலச் சேர்ட்டோடு போனேன். என்னிடம் திறப்பு இருக்கிறது. திறந்து உள்ளே போய்க் கோப்பி போட்டேன். பத்து மணிக்கு மகன் வந்தார். என்னைக் கண்டார். வாயைத் திறந்தார். அதற்குள் சின்யோரா, “ரப்லெட்டைப் பிடி, கூப்பிடுது” என்று என்னிடம் சொன்னா. அப்படித்தான் நாங்கள் நாலு பேரும் அந்த அறையில் நின்றோம்.

மகன் முதலில் கதைத்தார். நல்ல இங்கிலீசு. வேலைக்காரன் விளங்காமல் எழுதிவிட்டான், ஐந்து பேரைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றுங்கள் என்றார். இங்கிலீசுப் பெண் தலையாட்டிக் குறித்துக்கொண்டா. கல் வெட்டுகிறவர் புதன்கிழமை பட்டியலை எடுக்க வருவாராம்.

“மடம், நான் ஒண்டு கேக்கலாமோ?” என்றேன்.

மகன் என்னைப் பார்த்தார். இங்கிலீசுப் பெண் கேளுங்கள் என்றா.

“அந்த வீட்டிலை எத்தினை அடுப்பு?”

“என்ன?”

“சமைக்கிற அடுப்பு. ஒண்டோ, ரெண்டோ?”

அவ யோசித்தா. கீழறையில் ஒன்றுதான், குளிருக்கும் சமையலுக்கும் அதுதான் என்றா.

“அப்ப ஒரு குடும்பம்” என்றேன். “எங்கடை ஊரிலை சகோதரங்கள் பிரியிறதெண்டா அடுப்பைப் பிரிப்பினம். அடுப்புப் பிரியாட்டி எத்தினை பேரெண்டாலும் ஒரு குடும்பம்.”

என் இங்கிலீசில் இவ்வளவும் சொல்ல நேரம் எடுத்தது. அவ காத்திருந்தா.

“நல்லாயிருக்கு. ஆனால் எங்கடை விதி கோயில் பதிவின்படி” என்றா.

அப்போதுதான் சின்யோரா தொடங்கினா. இங்கிலீசில். அவ இங்கிலீசு கதைக்கும்போது குரல் வேறாக வரும். தடித்த, கட்டையான குரல். தாயிடம் கேட்டுப் பழகியது.

“அப்ப ஒன்பதாம் வீட்டுக்குப் பலகை வேண்டாம். வெறுஞ்சுவராக் கிடக்கட்டும். அந்த வீட்டிலை ஒருத்தருமே இருக்கேல்லை எண்டு போறவாற ஆக்கள் நினைக்கட்டும். என்ரை கையெழுத்து இல்லாமல் நீங்கள் பதிக்கேலாது. நான் போடமாட்டன். எனக்குப் பிறகு போட ஆள் இருக்கு, ஆனா அவர் அங்கை ஒருநாளும் வரமாட்டார்.”

“மம்மா, பதினெட்டு வீட்டிலை ஒரு வீடு மொட்டையா நிக்கும்.”

“நிக்கட்டும். ஏனெண்டு கேப்பினம். கேக்கிறவைக்கு இந்த மனிசி பதில் சொல்லட்டும்.”

இங்கிலீசுப் பெண் கண்ணாடியைக் கழற்றினா. அதைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தா. படம் நின்றுவிட்டதோ என்று நான் ரப்லெட்டைத் தட்டினேன்.

“என்ரை தாத்தா நாலாம் வீட்டிலை தங்கியிருந்தவர்” என்றா. “கடைசிப் பக்கத்திலை என்ரை கையாலைதான் போட்டனான்.”

“ஏன் போட்டனீங்கள்?” என்று சின்யோரா கேட்டா.

“விதி.”

“ஆர் போட்ட விதி?”

“நாங்கள் மூண்டு பெண்டுகள். என்ரை குசினி மேசையிலை.”

சின்யோரா சிரித்தா. பல்லுக் கட்டு ஆடுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்தா. மகன் சிரிக்கவில்லை.

மற்ற வீடுகளைப் பற்றி மற்ற இரண்டு பேரோடும் சண்டை பிடிக்க வேண்டும், அது தன் பாடு என்றா இங்கிலீசுப் பெண். ஒன்பதாம் வீட்டை இப்போதே முடிக்கலாம். மூன்றாவது பெட்டியை எடுத்துவிடலாம். முறை வேண்டாம். பெயர்கள் மட்டும், வயதுப்படி. அடியில் ஒரு வரி: இந்த வீட்டில் வாழ்ந்தவர்கள், இத்தனை பேர்.

“அப்ப படிக்குக் கீழை படுத்தவரையும் போடு” என்றா சின்யோரா.

“ஆரது?” என்றேன்.

“ஆலைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். எங்கடை வீட்டுப் படிக்குக் கீழைதான் கிடந்தவர்.”

“மம்மா!” என்றார் மகன். “அவன் குடிகாரன். நீங்கள்தானே சொன்னீங்கள்.”

“குடிகாரன்தான். சாப்பிட்டது எங்கை? அந்த அடுப்பிலைதானே.”

பெயர் சின்யோராவுக்குத் தெரியவில்லை. இங்கிலீசுப் பெண் ஆலையின் பழைய பெயரேட்டில் பார்த்துச் சொன்னா. நான் எழுதினேன்.

மகன் தன் கோட்டை எடுத்தார். “நீங்களும் உங்கடை அடுப்பும்” என்றார். கதவை அடித்துச் சாத்தவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. என் வேலையைப் பற்றி அன்றும் கதைக்கவில்லை, பிறகும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சின்யோராவின் விரலை எடுத்துக் கோட்டில் வைத்தேன். கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிற்று. பரவாயில்லை என்று இங்கிலீசுப் பெண் சொன்னா. அடி வரிக்கு எண்ணிக்கை வேண்டும், எண்ணிச் சொல்லுங்கள் என்றா.

“எண்ணு” என்றா சின்யோரா. “முதல் ஆளிலை இருந்து எண்ணு. ஒருத்தரையும் விடாதை.”

பென்சில் நுனியை ஒவ்வொரு பெயரிலும் வைத்து எண்ணினேன். அவவின் தாயின் பெயரில் நுனி நிற்கும்போது பெயரை வாசித்துக் காட்டச் சொன்னா. வாசித்தேன். தொடர்ந்து கடைசி வரைக்கும் போனேன். பிறகு கீழே இருந்து மேலே ஒரு தரம் எண்ணினேன்.

“எத்தினை?”

பதினான்கு.