கிழக்கும் மேற்கும் பார்த்த ரேடியோக் குழாய்

கிதிர் முகம்மது ராவுத்தரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் மேல் ஒரு மனு எழுதிவிட்டேன். பார்த்த பிறகு இன்னொன்று எழுதினேன். இரண்டும் ஆங்கிலத்தில்.

1942 ஆனி மாதம் அது. நான் பி.ஏ. தேறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆலங்குளத்துக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் அதற்கு முன் யாரும் அந்த இரண்டு எழுத்தை வாங்கியதில்லை. என் அய்யா பத்திரத்தில் பெருவிரல் வைப்பவர். உத்தியோகம் வரும்வரை தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அறை பிடித்து, பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டு ஒரு பலகை மாட்டி, மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் படியேறி வந்தவர் சங்கரநாராயணன். ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா, யுத்த நிதிக் கமிட்டிக் காரியதரிசி. பூங்கா ரேடியோவைப் பற்றி மனு எழுத வேண்டும் என்றார்.

பூங்காவில் பொதுஜனங்களுக்காகச் சர்க்கார் ஒரு ரேடியோ வைத்திருந்தது. பெட்டியை இரும்புக் கூண்டுக்குள் பூட்டி, முள்ளைத் திருச்சி நிலையத்தில் நிறுத்தி அரக்கு வைத்திருந்தார்கள். வெளியே கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய். சாயங்காலச் செய்திக்கு சுவிட்சைப் போடுவதும், பேட்டரி மாற்றுவதும், குழாயைப் பார்த்துக்கொள்வதும் பஞ்சாயத்து போர்டு ஊழியரான ராவுத்தரின் வேலை. கம்பத்துக்கு மேற்கே இருந்த பெஞ்சில் யுத்தக் கமிட்டியார் உட்காருவார்கள். கிழக்கே இருந்ததில் கதர்க்காரர்கள். தெற்கே அரிசி ஆலை. வடக்கே குளம்.

"தம்பி, சர்க்கார் சேதியைப் பூராவும் அந்த மனுசன் கிழக்கே அனுப்புதாரு. எங்களுக்குக் குழாய் முதுகைக் காட்டிட்டு நிக்கி. ஆப்பிரிக்காவுல டோப்ரூக்குக் கோட்டைன்னு காதுல விழுது. அது நிக்குதா, விழுந்துட்டான்னு தெரியல" என்றார்.

"விழுந்துட்டு. இங்கிலீஷ் பேப்பர்ல படிச்சேன்" என்றேன்.

"பாத்தீங்களா? அதையும் மனுவுல சேத்துக்கிடுங்க."

சேர்த்துக்கொண்டேன். குழாயைத் திருப்பியவர் சர்க்காருக்கு விரோதமான எண்ணம் உடையவர் என்று எழுதி, சங்கரநாராயணன் கையெழுத்துப் போட அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை ஆளைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, போர்டு கொடுத்த காக்கிச் சட்டை, இடுப்பில் கூண்டுச் சாவி. நமது படைகள் ஏற்கெனவே திட்டமிட்டபடி பின்வாங்கின என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏன் ராவுத்தரே, நேத்தும் பின்வாங்குனீரு. இன்னைக்குமா?" என்று கிழக்குப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நான் இங்கனதானே நிக்கேன்" என்றார் ராவுத்தர்.

அங்கே எல்லோரும் அவரிடம்தான் கேட்டார்கள். செய்தி வாசித்தவர் திருச்சியில் இருந்தார். திட்ட வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும்.

ஆவணியில், தலைவர்களைப் பிடித்துப் போய்ப் பத்து நாள் ஆகியும், ரேடியோ அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசாததையும் ராவுத்தர் கணக்கிலேயே எழுதினார்கள். ஐப்பசியில் ஒருநாள் அவர் ஏணி போட்டு ஏறிக் குழாயை மேற்கே திருப்பினார். மறுநாள் காலை என் அறைக்கு நம்பிராஜன் அண்ணாச்சி வந்தார். கதர்க்கடை வைத்திருந்தவர். ஆகஸ்டில் தம்மை ஏன் கைது செய்யாமல் விட்டார்கள் என்பதில் அவருக்கு மனக்குறை இருந்தது.

"தலைவருக எல்லாம் உள்ள இருக்காக. இந்த நேரம் பாத்து குழாய் யுத்தக் கமிட்டிப் பக்கம் திரும்புது. நமக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெனைக்காரு. எழுதுங்க தம்பி."

"சர்க்காருக்கு மனு போடலாமா அண்ணாச்சி? கொள்கைக்கு ஒத்துவருமா?"

"சர்க்காருக்குப் போடாண்டாம். போர்டுக்குப் போடுவோம்."

இந்தத் தடவை ராவுத்தர் அந்நிய ஆட்சியின் அடிவருடியானார். வாக்கிய அமைப்பு முந்திய மனுவைவிடச் சிறப்பாக வந்திருந்தது.

இரண்டு மனுவையும் போர்டு ஆபீசில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி மேலே அனுப்பினார்கள். கார்த்திகையில் விசாரணை என்று உத்தரவு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் ராவுத்தர் என் அறைக்கு வந்து பலகையைப் படித்துவிட்டு, செருப்பை வெளியே கழற்றினார்.

"ரெண்டு மனுவும் நல்லா இருக்குன்னு போர்டு கிளார்க் சொன்னாரு தம்பி. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்."

நாற்காலியில் கிடந்த காகிதங்களை எடுத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

அவர் மகள் நூர்நிஷாவுக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ். பெண்ணின் தகப்பனார் சர்க்கார் ரேடியோவில் இருக்கிறார் என்பதே அந்த வீட்டார் ஒப்புக்கொண்டதற்கு முதல் காரணம். "வேலை போச்சுன்னா சம்பந்தமும் போயிரும். சட்டையைப் பாத்துத்தான் தம்பி பொண்ணு கேட்டாங்க."

"குழாயை எதுக்குத் திருப்புனீங்க?"

"மழைக்கு" என்றார்.

நான் ஆறு மாதத்தில் இரண்டு மனு எழுதியிருந்தேன். இந்தக் கேள்வியை அதுவரை கேட்டிருக்கவில்லை.

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் மேற்கேயிருந்து அடிக்கும். குழாய் வாயை மேற்கே வைத்தால் தண்ணீர் உள்ளே போய் ஒலியெழுப்பும் தகடு நனைந்துவிடும். அதனால் கிழக்கே திருப்புவார். ஐப்பசி மழை கிழக்கேயிருந்து வரும். அதனால் மேற்கே. ஓலையில் ஒரு கூடு செய்து மாட்டியும் பார்த்திருக்கிறார். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் ஆலங்குளம் ரோட்டில் போட்டது.

"இதை அவங்ககிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னேனே. நம்பிராஜன் அண்ணாச்சி சிரிக்காரு. சங்கரநாராயணன் ஐயா, மழை எந்தக் கட்சின்னு கேக்காரு."

மூன்றாவது மனுவை எழுதினேன். ஒரே பக்கம். அதில் ஒரு பெரிய வார்த்தைக்கும் இடம் கிடைக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி பூங்காவிலேயே நாற்காலி போடச் சொன்னார். இரண்டு பெஞ்சும் நிரம்பியிருந்தன. மூன்று மனுவையும் படித்தார். மூன்றையும் எழுதியது ஒரே கை. கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ராவுத்தர் பக்கம் திரும்பினார்.

"தகடு நனைந்தால் என்ன ஆகும்?"

"பேசாது எஜமான். போன வருசம் நனைஞ்சுட்டு. மெட்ராஸ்ல இருந்து புதுசு வர ஒரு மாசம். அந்த ஒரு மாசமும் ரேடியோ ஊமை."

"அப்போது மனு வந்ததா?"

"ஒண்ணுகூட வரல எஜமான். அந்த மாசம் யாரும் குறை சொல்லல."

அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தெற்கே ஆலை இரைந்துகொண்டிருந்தது.

"வடக்கே வைத்தால்?"

"ரெண்டு மழையும் பாதிப் பாதி விழும் எஜமான். தகடு தாங்கும்."

அங்கேயே உத்தரவானது. ஊழியர் மேல் குற்றமில்லை. குழாய் இனி வருஷம் முழுவதும் வடக்கே நோக்கியிருக்கும். எத்தரப்புக்கும் சாய்வு இருத்தலாகாது.

அன்று மாலையிலிருந்து செய்தி குளத்துக்குப் போயிற்று. கிழக்குப் பெஞ்சுக்கும் கேட்கவில்லை, மேற்குப் பெஞ்சுக்கும் கேட்கவில்லை. எழுந்து வடக்கே போய் நின்றால் எதிர்க்கட்சிக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே யாரும் எழவில்லை. குளத்தங்கரையில் புல்லறுக்கும் முப்பிடாதியம்மாள் ஒருத்திக்குத்தான் எல்லாம் தெளிவாகக் கேட்டது. புல்லுக்கட்டோடு அவள் பூங்கா வழியாகத் திரும்பும்போது இரண்டு பெஞ்சும் அவளை நிறுத்தும்.

"ஏட்டி முப்பிடாதி, இன்னைக்கு என்ன சொன்னான்?"

"யாரோ தோத்துட்டாகளாம்."

"யாருட்டி?"

"உங்களுக்கு யாரு தோக்கணும்? வழியை விடுங்க, மாடு காத்துக்கெடக்கு."

தை பிறப்பதற்குள் இரண்டு பெஞ்சிலிருந்தும் ஒவ்வொருவர் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். முப்பிடாதி எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் செய்தி சொல்லுகிறாள், மனு எழுத வேண்டும் என்றார்கள். எந்த ஆபீசுக்கு எழுதுவது என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை.

பெருநாள் கழித்து நூர்நிஷாவின் நிக்காஹ் நடந்தது. காக்கிச் சட்டையைச் சலவை செய்து போட்டுக்கொண்டு ராவுத்தர் பந்தல் வாசலில் நின்றார். எனக்கு முதல் பந்தியில் இடம் போட்டார். பிரியாணி வைக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம், "நம்ம மனுவெல்லாம் இந்தத் தம்பி எழுதுனதுதான்" என்று அறிமுகப்படுத்தினார்.

இது 1948. சர்க்கார் மாறிவிட்டது. ரேடியோ ஆளுங்கட்சிப் பாட்டையே பாடுகிறது என்று இப்போது சங்கரநாராயணன் சொல்கிறார். உள்ளதைத்தான் சொல்கிறது என்கிறார் நம்பிராஜன் அண்ணாச்சி. நான் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசில் இருக்கிறேன். மனுக்களைப் படிக்கும் பிரிவு. கிதிர் முகம்மது ராவுத்தர் தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் குடியிருக்கிறார். தினமும் சாயங்காலம் பூங்காவுக்கு நடந்து வந்து சுவிட்சைப் போடுகிறார். குழாய் வடக்கே பார்த்து இருக்கிறது.