வாலில் ஏறிய கனம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், ரங்கூனின் போட்டாதாங் பகுதி ஆற்றங்கரையில் ஒரு கொட்டகையில் தச்சனாக இருந்தேன். மரவியாபாரம் செய்த ஒரு துரை, காட்டு முகாம்களுக்குப் போய்வரத் தானே ஒரு சின்ன ஆகாய விமானம் கட்டிக்கொண்டிருந்தார். மணல்திட்டில் இறங்கி ஏற வேண்டும் என்பதால் கனம் கூடவே கூடாது. பலகைகளில் துளை போட்டோம், இருக்கையைப் பிரம்பில் பின்னினோம், வர்ணத்தைக்கூட ஒரே பூச்சோடு நிறுத்தினோம். பின்னிருக்கைக்குக் கொட்டகையிலேயே ஒல்லியான என்னைத் தேர்ந்தெடுத்தார். என் உடம்பைப் பாராட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

பறப்பதற்கு முன்தினம் எங்கள் வழக்கப்படி பூசை போட்டோம். மறுநாள் காலை அரிசிக் கிடங்குத் தராசில் ஏற்றினால், போன வாரத்தைவிடக் கனம் கூடியிருந்தது. மரம் ஈரம் குடித்திருக்கும் என்றார் துரை. இறக்கையைத் தாங்கும் சட்டங்களை இழைத்து மெலிதாக்கச் சொன்னார்.

இழைப்புளியை எடுத்தேன். அந்தச் சட்டத்தை நம்பித்தான் நான் மேலே போக வேண்டும். முதல் சுருள் விழுந்ததுமே அதைக் குனிந்து எடுத்து எவ்வளவு தடிமன் என்று பார்த்தேன். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். விமானத்துக்குத் துணி தைத்தது அவள்தான்.

"ஏங்க, அதை இழைக்காதீங்க. வாலுக்குள்ள நம்ம அம்மனை வச்சிருக்கேன்."

வால் துணியின் முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டேன். மஞ்சள் துணியில் சுற்றிய வெண்கல அம்மன் வந்தாள். கை இன்னும் எதிலோ தட்டியது. அது ஒரு புத்தர் சிலை. விமானத்துக்கு வர்ணம் பூசிய பர்மாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் உள்ளே ஓர் இரும்புச் சிலுவை கிடந்தது. கொட்டகைக் கணக்கு எழுதும் கிறிஸ்தவக் குமாஸ்தா கூரையைப் பார்த்தார்.

"எல்லாம் உங்களுக்காகத்தான் அண்ணே" என்றார் குமாஸ்தா.

வால் கனத்துப்போனால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும் என்று துரை முன்பே சொல்லியிருந்தார். காப்பாற்ற வந்த சாமிகளே என்னைக் கீழே தள்ளப் பார்த்திருக்கின்றன. இனி எல்லோருக்கும் வேலை போயிற்று என்று நினைத்தேன். துரை வந்து மூன்றையும் பார்த்தார். முன்னிருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு குதிரை லாடத்தை எடுத்தார். அதிர்ஷ்டத்துக்கு அவர் அம்மா கொடுத்தனுப்பியதாம். அதையும் அம்மன் பக்கத்தில் வைத்தார்.

நான்கையும் கொட்டகையிலேயே விட்டுவிட்டு விமானத்தை மறுபடி தராசில் ஏற்றினோம், கனம் சரியாக இருந்தது. நான் கைவைத்த சட்டத்தை மாற்றிவிட்டுப் பறந்தோம், பத்திரமாகத் திரும்பினோம். மேலிருந்து ரங்கூன் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

எங்களில் ஒருவராவது 'பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்த விமானம் முதலிலேயே இலேசாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.