சென்றாயனின் இரண்டு நிமிட வீடியோ

மலைமேல் எடப்புளி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற சென்றாயனை ஆறு வருஷத்துக்கு முன்னால் கரடி அடித்தது. இடது கன்னமும் மேலுதடும் போயின. மலையிறங்கி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நாற்பது நாள் கிடந்து, தொடைத் தோலை முகத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். அதற்கப்புறம் யாருக்கும் அவன் கூசவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் முகத்தை மூடாமல்தான் மிளகு விற்றான்.

மகள் சுகுணா மலைக்குக் கீழே நர்சிங் படித்தாள். போன பொங்கல் லீவுக்கு வந்தவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்ன கண்ணு, ஒடம்புக்கு முடியலையா?" என்று அவன் விடாமல் கேட்டதும் போனை நீட்டினாள்.

மருத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் கட்டுரை, படம், வீடியோ எல்லாம் சேர்த்து வைக்கிற இணையதளம் அது. வாத்தியார்கள் வேண்டியதை இறக்கிப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். காயத்துக்குக் கட்டுப் போடும் பாடத்தன்று கிருஷ்ணகுமாரி டீச்சர் அதிலிருந்து ஒரு வீடியோவை எடுத்து வகுப்பில் பெரிய திரையில் ஓட்டியிருந்தார்.

"எல்லாப் புள்ளைகளும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்கப்பா. நானுந்தான் திருப்பினேன். அப்புறந்தான் கொரலு தெரிஞ்சுது."

போனில் அதே வீடியோ ஓடியது: கட்டில், பச்சைத் துணி, பிய்ந்த சதை. இடுப்புத் துணி விலகிக் கிடக்க, "வேணாஞ் சாமி, வலிக்குது" என்று அழுகிறவன் அவனேதான். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் பத்தல" என்கிறது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வைத்தியத்துக்கு என்று நம்பித் திரும்பிக் காட்டியது சென்றாயனுக்கு ஞாபகம் வந்தது. நாலாயிரம் தடவைக்கு மேல் இறக்கியிருக்கிறார்கள் என்றாள் சுகுணா.

அவனுக்கு அருவருப்பாகிவிட்டது. முகத்தைப் பார்த்தல்ல, படம் பிடித்தவனின் குரலைக் கேட்டு. வெளியே போய் வாய் கொப்பளித்துப் பார்த்தான். போகவில்லை.

சுகுணா சொன்னதும் டீச்சர் அதைத் தன் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு, அவளிடம் மன்னிப்பும் கேட்டார். இணையதளத்துக்கு அப்பனும் மகளும் சேர்ந்து எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: அடையாளம் மறைக்கப்பட்டுவிட்டது, கல்விப் பயன் கருதி வீடியோ தொடரும்.

திறந்து பார்த்தார்கள். கண்களின் மேல் கறுப்பாக ஒரு பட்டை. கன்னம், உதடு, இடுப்பு, அழுகை எல்லாம் அப்படியே.

"கரடி விட்டுட்டுப் போனதே அந்தக் கண்ணு ரெண்டத்தான். அதப் போயி மூடி வெச்சிருக்கானுங்க," என்றான் சென்றாயன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கே போனான். ரெக்கார்டு அறையில் சூசைமாணிக்கம் என்ற கிளார்க் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "ஆராய்ச்சிங்க அது. உங்களால எத்தன பேரு கத்துக்கறாங்க."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார், உடனே குனிந்துகொண்டார். எழுந்து போய்ப் பழைய ரெக்கார்டுக் கட்டைத் தேடி எடுத்தார். ஆபரேஷனுக்கான தாளில் சென்றாயனின் கைநாட்டு இருந்தது. படம் பிடிக்கச் சம்மதம் கேட்கும் தாள் வெறுமையாக இருந்தது. சூசைமாணிக்கமே அதற்கு நகல் போட்டுக் கொடுத்தார்.

அந்த நகலை இணையதளத்துக்கு அனுப்பிய நாலாம் நாள் வீடியோ காணாமல் போனது.

"எடுத்துட்டாங்கப்பா," என்றாள் சுகுணா போனில்.

"எறக்கி வெச்சிருக்கறவங்க?"

அவன் போனை வைத்துக் காறித் துப்பிவிட்டு, மரவள்ளிக் காட்டில் களை வெட்ட இறங்கினான்.