பாடுகிறவர்களுக்காக வைத்த பெட்டி

மைக்செட் அண்ணனின் ஈக்வலைசர் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. முகப்பில் சீப்புப் பற்களைப் போல வரிசையாக ஸ்லைடர்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சை விளக்கு. இதைக் கீழே இழுத்தால் கீச்சென்ற சத்தம் குறையும், அதை மேலே தள்ளினால் குரலுக்குக் கனம் கூடும் என்று அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். மேடையிலிருந்து நான் கையைக் காட்டினால் போதும். பெட்டிமேல் குனிந்து, இரண்டு விரலால் ஏதோ ஒன்றை அரிசியளவு நகர்த்திவிட்டு என்னைப் பார்ப்பார். சரியாகிவிட்டது என்று நான் தலையாட்டுவேன். அந்த மனிதரை இன்று மனதார வெறுக்கிறேன். நல்லவர்தான் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நெய்வேலியில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஓய்வே கிடையாது. பிளாக் பிளாக்காக அம்மன் கோயில் திருவிழா, ரிடையர்மென்ட் பாராட்டு விழா, வடலூர் மண்டபங்களில் கல்யாண வரவேற்பு. கீபோர்டு வாசித்த தலைவர் அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட். மற்றவர்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடி வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள். நான் அப்பா ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தவள். சங்கீதம் முறையாகப் படித்ததில்லை. குரலும் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். எனக்கு இருந்த மரியாதையெல்லாம் காதால் வந்தது. கிடாரில் ஒரு கம்பி லேசாக இறங்கியிருந்தாலும் திரும்பிப் பார்த்துவிடுவேன். "அவ காது சொல்லிட்டா அப்பீலே கிடையாது" என்பார் தலைவர். அதைக் கேட்கும்போது எனக்குத் தலைகால் புரியாது.

அண்ணன் மேடையில் என் காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் மட்டும் ஒரு விசில் வந்துகொண்டே இருக்கும். மேல் ஸ்தாயிக்குப் போனால் காதுக்குள் ஊசியை விட்ட மாதிரி குத்தும். பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்டுக்கொள்ள வைக்கிற ஸ்பீக்கர் அது, எட்டி நிற்கவும் முடியாது.

"அண்ணே, அந்த விசில் தாங்கலண்ணே" என்பேன்.

"தோ எடுத்துட்றேன், நீ பாடிக்கினே இரும்மா" என்று பெட்டிக்குப் போவார். விரல் நகரும். நிஜமாகவே குறைந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டு பாட்டு கழித்து மறுபடியும் குத்தும். மண்டபத்துத் தகரக் கூரைதான் காரணம் என்று நானே அவருக்காகச் சமாதானம் கண்டுபிடித்துக்கொள்வேன். மறுநாள் முழுக்க வலது காது அடைத்தே இருக்கும். அண்ணன் அக்கறையாக வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார், அதையும் நன்றியோடு குடித்திருக்கிறேன்.

ஒரு நாள் அண்ணனுடைய அக்கா மகன் சென்னையிலிருந்து ஒரு டிஜிட்டல் புராசஸரைக் கொண்டுவந்தான். ஸ்லைடர் கிடையாது, எல்லாம் திரையில்தான். குழு இரண்டாகப் பிரிந்தது. கையால் தொட்டுத் திருத்துகிற பெட்டியே போதும் என்று பாதிப் பேர். ஒவ்வொரு மண்டபத்துக்கும் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம், புதியதுதான் வேண்டும் என்று மீதிப் பேர். தலைவர் தீர்ப்பை என்னிடம் விட்டார். "எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தங்கச்சி சொல்றதே சட்டம்" என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டவுன்ஷிப் கிளப் அரங்கில் சோதனை. முதலில் அண்ணனின் செட்டில் பாடினேன். நான் கை காட்டினேன், அவர் நகர்த்தினார், குரல் தெளிந்தது. பிறகு பையன் புராசஸரோடு கொண்டுவந்திருந்த வேறு மானிட்டரில் அதே பல்லவி. விசில் இரண்டிலும் லேசாக இருந்தது. அது எந்த மேடையிலும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன். சும்மா தீர்ப்பு சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். எனக்குத்தான் பேசவேண்டும்போல இருந்ததே! டிஜிட்டலில் குரல் தட்டையாக இருக்கிறது, உயிரில்லை, அண்ணன் ஸ்லைடரைத் தொட்டாலே என் குரலுக்கு ஒரு வட்டம் வருகிறது, மிஷினுக்கு அந்தக் கை வராது என்று மைக்கிலேயே பிரசங்கம் செய்தேன். சிலர் கைதட்டினார்கள்.

தோற்ற பையனுக்கு மனசு ஆறவில்லை. அப்படி என்னதான் செட்டிங் வைத்திருக்கிறார் மாமா என்று பெட்டியின் பின்பக்கம் போனான்.

"மாமா, இதுல கரன்ட் வயரைத் தவிர ஒண்ணுமே சொருகலியே?"

அண்ணன் மழுப்பக்கூட இல்லை. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அது எரிஞ்சுபோயி எத்தினியோ வருசமாவுதுடா. லைட்டு மட்டும் எரியுது. பாட்றவங்க விசிலுங்குறாங்க, கீச்சுங்குறாங்க. சும்மா நவுத்திக் காட்டுனா சரியாயிடுச்சுன்றாங்க. அதுக்குன்னே வச்சிருக்கேன்."

அரங்கமே சிரித்தது. தபேலாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வட்டம் வருதுன்னியேம்மா!" என்று தலைவர் சொல்ல, இன்னொரு முறை சிரித்தார்கள். இத்தனை வருடம் என் காதில் முழம் முழமாகப் பூச்சுற்றியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, அவரை அறையவேண்டும்போல இருந்தது. அறையாமல் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

புராசஸரை வாங்கினார்கள். அதன் பிறகு சுருதி சரியா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் சொன்னாலும் "வயர் சொருகியிருக்கா பாரு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். சண்டை போட்டுப் பார்த்தேன், அது இன்னும் வேடிக்கையாகிவிட்டது.

புதிய செட்டோடு முதல் நிகழ்ச்சி வடலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. கூட்டம் வருவதற்குமுன் பையன் கையில் டேப்லெட்டோடு என் பக்கத்திலேயே வந்து நின்றான். அவனாவது என்னை மதித்துக் கேட்டான்.

"விசில் அடிக்குதாக்கா?"

"அடிக்குதுப்பா."

திரையில் ஒரு புள்ளியை இறக்கினான். "இப்ப?"

"அப்படியேதான் இருக்கு."

இன்னொன்றை இறக்கினான். மைக்கை மூடினான். இன்னும் அடிக்கிறது என்றேன். குழம்பிப்போய் என் முகத்தைப் பார்த்தான். "அக்கா, நான் மானிட்டரையே ஆஃப் பண்ணிட்டேன்."

குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கரில் விளக்கு அணைந்திருந்தது. விசில் மட்டும் வலது பக்கத்தில் கொஞ்சமும் குறையாமல் நின்றது. முடியை ஒதுக்குவதுபோல இடது காதைப் பொத்திப் பார்த்தேன். வலது காதையும் பொத்திப் பார்த்தேன். பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

தலைவர் கீபோர்டிலிருந்து என்னவென்று கேட்டார். தபேலாக்காரர் ஏற்கனவே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே நாற்காலியில் அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சரியாயிடுச்சுப்பா, போடு" என்றேன்.